தறிக்குழியிலிருந்து எழுந்த பாட்டு: தக்கலை பீர் முஹம்மது அப்பா (ரஹ்)



நாம் பாடம் நடத்தும் மதரஸாவில் ஒவ்வோர் ஆண்டும் ஷவ்வால் மாதத்தில் புதிய மாணவர்களைப் பதிவேட்டில் சேர்ப்பது வழக்கம். மாணவனின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தகப்பனாரின் தொழில் ஆகியவற்றைக் கேட்டு எழுதுவோம். ஓராண்டு, ஒரு சிறுவன் தொழில் என்ற கேள்விக்குச் சற்றே தயங்கிவிட்டு, "வியாபாரம்" என்று சொன்னான். அவ்வாறே எழுதிக்கொண்டோம். அவனுடைய தகப்பனார் கூலிக்குத் தறி நெய்பவர் என்பது பின்னர் தெரியவந்தது. தனியே அழைத்துக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, "மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஹஜ்ரத்" என்றான்.

அந்த ஒரு சொல் நம்மைப் பல நாட்கள் உறங்கவிடவில்லை. ஹலாலான உழைப்பைச் சொல்ல ஒரு பிள்ளை வெட்கப்படுகிறான் என்றால், அந்த வெட்கத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? இக்கேள்விக்கு விடை தேடியபோதுதான், நம் தமிழ் மண்ணில் தறி நெய்து உண்டு, தமிழில் பாடி, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் மக்கள் நாவில் வாழும் ஒரு நெசவாளரின் நினைவு வந்தது. அவரே தக்கலை பீர் முஹம்மது அப்பா (ரஹ்).

தென்காசியிலிருந்து தக்கலைக்கு

பீர் முஹம்மது அப்பா அவர்கள் தென்காசியில் பிறந்தவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர்களின் பிறப்பு, இறப்பு ஆண்டுகளைக் குறித்துப் பலரும் பலவாறு எழுதியுள்ளனர். ஆயினும் காயல்பட்டினத்தில் வாழ்ந்த மாமேதை சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களின் காலத்தை ஒட்டி வாழ்ந்தவர்கள் என்பதே பொதுவான கருத்து. சதக்கத்துல்லா அப்பா அவர்களின் காலம் 1632 முதல் 1703 வரை எனக் கூறப்படுவதால், நம் நெசவாளக் கவிஞரையும் 17ஆம் நூற்றாண்டினராகக் கொள்வதில் தவறில்லை.

தென்காசியை விட்டு நீங்கிய அவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் சில காலம் தனித்திருந்து தவம் இயற்றினார்கள் என்றும், கேரளத்தின் பீர்மேடு என்னும் ஊர்ப்பெயர் அவர்களை நினைவூட்டுவதே என்றும் மக்கள் கூறுவர். இறுதியில் அவர்கள் வந்து தங்கிய இடம் தக்கலை. இன்று அது கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அன்று அது வேணாட்டு மன்னர்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய பத்மநாபபுரம் தக்கலைக்கு மிக அருகில் உள்ளது. 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் இப்பகுதி தமிழ்நாட்டுடன் இணைந்தது.

தக்கலையில் 'அஞ்சுவண்ணம்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. இது மிகப் பழைய சொல். கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில், கடல் கடந்து வந்த வணிகர்களின் குழுவைக் குறிக்கும் பெயராக 'அஞ்சுவண்ணம்' இடம்பெறுகிறது. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான் தம் புதினம் ஒன்றுக்கு 'அஞ்சுவண்ணம் தெரு' என்றே பெயரிட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வணிக, கைத்தொழில் நினைவைச் சுமந்து நிற்கும் பெயர் அது. இத்தகைய சூழலில்தான் அப்பா அவர்கள் தறி போட்டார்கள்.

தறியின் உழைப்பு

இன்றைய பிள்ளைகளில் பலர் குழித்தறியைக் கண்டிருக்க மாட்டார்கள். அதைச் சற்று விரித்துச் சொல்வது நல்லது.

வீட்டின் தரையில் குழி தோண்டி, அதன் விளிம்பில் நெசவாளர் அமர்வார். கால்கள் குழிக்குள் தொங்கும். கீழே உள்ள மிதிகளை மாறிமாறி மிதிக்க, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடும். அந்த வழியே ஊடை நூல் சுற்றிய ஓடம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லும். பின்னர் அச்சை இழுத்து அடித்து, புகுந்த இழையை நெருக்குவார். மிதி, ஓடம், அடி. மீண்டும் மிதி, ஓடம், அடி. இவ்வாறு பல்லாயிரம் முறை செய்தால்தான் உடுத்தத்தக்க ஒரு துணி உருவாகும்.

கயிற்றை இழுத்தால் ஓடம் தானே பாய்ந்து செல்லும் முறையை இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கண்டுபிடித்தது 1733ஆம் ஆண்டில். அதற்கு முந்தைய நெசவாளர்கள், ஓடத்தை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடித்தாக வேண்டும். தறியில் அமர்வதற்கு முன்பும் வேலை ஏராளம். நூலுக்குக் கஞ்சி போட வேண்டும், பாவு ஓட வேண்டும், அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும், தார் சுற்ற வேண்டும். இதில் மனைவி மக்கள் அனைவரின் கைகளும் சேரும். ஒரு முழத் துணிக்குள் ஒரு குடும்பத்தின் பகல் முழுவதும் அடங்கியிருக்கும்.

பீர் முஹம்மது அப்பா அவர்களின் தொழில் நெசவு என்பதில் மரபுச் செய்திகள் யாவும் ஒருமித்து நிற்கின்றன. மெய்ஞ்ஞானத்தில் உயர்ந்து, மாணவர்களும் அன்பர்களும் சூழ்ந்திருந்த ஒருவரின் பெயரோடு தறி பிரியாமல் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. காயல்பட்டினத்துப் பேரறிஞர் அவர்களைக் காண வந்ததாகச் சொல்லும் மக்கள் வழக்கிலும் தறி வராமல் போவதில்லை. அக்கதைகளில் வரும் அற்புதங்களைக் குறித்து நாம் இங்கே வாதிட வரவில்லை. ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கிறோம். தம் இறைநேசரை மக்கள் நினைவுகூர்ந்தபோது, அரியணையிலோ மெத்தையிலோ அவரை அமர்த்தவில்லை. தறிக்குழியின் விளிம்பிலேயே அமர்த்தினார்கள்.

பாடுவதற்கென்றே பிறந்த நூல்கள்

ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானக்குறம், ஞானப்பூட்டு, ஞானப்பால், ஞான ஆனந்தக்களிப்பு, ஞானரத்தினக் குறவஞ்சி, மஃரிபத்து மாலை, பிஸ்மில் குறம், ஈடேற்ற மாலை, திருமெய்ஞ்ஞானச் சரநூல் என அவர்கள் இயற்றிய நூல்கள் பல. இப்பெயர்களைச் சற்று ஊன்றிக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். குறம், குறவஞ்சி, ஆனந்தக்களிப்பு ஆகியவை ஏட்டில் எழுதி மூடி வைப்பதற்குரிய வடிவங்கள் அல்ல. குறத்தி குறி சொல்லும் பாட்டும், சிங்கனும் சிங்கியும் வினாவும் விடையுமாகப் பாடும் முறையும் நாட்டுப்புற மக்களின் செவிக்குப் பழகிய இசை வடிவங்கள். ஆனந்தக்களிப்பு என்பது மெட்டோடு சேர்த்தே அறியப்படுவது.

எழுத்தறியாத ஒருவர் இறைவனின் ஒருமையையும் மெய்ப்பொருளின் நுட்பங்களையும் அறிய வேண்டுமானால், அவர் ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கும் மெட்டின் வழியாகவே அவரிடம் செல்ல வேண்டும். இதை அப்பா அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அரபு மொழியின் கலைச்சொற்களை ஒரு தமிழ்க் குறத்தி பாடும் பாங்கில் அமைத்துக் கொடுத்தார்கள். தஃவா என்று இன்று நாம் பெரிதாகப் பேசுவதை, ஒலிபெருக்கியும் அச்சுக்கூடமும் இல்லாத காலத்தில் பாட்டைக் கொண்டே நிகழ்த்தினார்கள். மிதியும் அச்சும் எழுப்பும் சீரான ஓசையை நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த செவி அது. அந்தச் செவிக்குச் சந்தம் எளிதில் வசப்பட்டதில் வியப்பென்ன?

அவர்களுக்கு முன்பே தமிழில் இஸ்லாமிய இலக்கியம் கிளைக்கத் தொடங்கியிருந்தது. வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிரம் மசலா 1572ஆம் ஆண்டிலேயே அரங்கேறியது. மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் எனத் தமிழுக்கு முஸ்லிம்கள் வழங்கிய புதிய வகைகள் உண்டு. உமறுப்புலவர் சீறாப்புராணத்தைக் காப்பிய நடையில் பாடினார். செல்வர்கள் அவரை ஆதரித்தனர். நம் நெசவாளரின் பெயரோடு அத்தகைய வள்ளல் எவருடைய பெயரும் சேர்ந்து நம் நினைவுக்கு வருவதில்லை. அவரோடு சேர்ந்து வருவது தறி ஒன்றுதான்.

ஆண்டுதோறும் ரஜப் மாதம் பிறை 14 இரவில் தக்கலையில் ஞானப்புகழ்ச்சி விடிய விடிய ஓதப்படுகிறது. அவ்வூர் மக்கள் ஒன்றுகூடி அமர்ந்து ஒரே குரலாகப் பாடுகின்றனர். தந்தையின் மடியில் அமர்ந்து கேட்ட பிள்ளை வளர்ந்து, தன் பிள்ளையை மடியில் அமர்த்திக்கொண்டு பாடுகிறான். இவ்வாறே அந்தப் பாட்டு தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கிறது.

தாவூத் நபியின் இரு கொடைகள்

உழைப்பாளி ஒருவர் பாடுவது மார்க்கத்துக்கு ஒவ்வுமா என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. விடையை நபிமார்களின் வரலாற்றிலேயே காணலாம்.

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரு கொடைகளை ஒருசேர வழங்கினான். ஸபஃ அத்தியாயத்தின் 10, 11ஆம் வசனங்கள் இரண்டையும் அடுத்தடுத்தே கூறுகின்றன. அவர்கள் இறைவனைத் துதிக்கும்போது மலைகளும் பறவைகளும் உடன் சேர்ந்து துதித்தன. அவர்களுடைய கைகளில் இரும்பு மென்மையாக்கப்பட்டது. வளையங்களை அளவோடு கோத்துப் போர்க்கவசம் செய்யும்படி கட்டளையிடப்பட்டார்கள். ஓர் அரசராகவும் நபியாகவும் இருந்தும், தம் கைத்தொழிலால் ஈட்டியதையே அவர்கள் உண்டார்கள் என்றும், அதைவிடச் சிறந்த உணவை எவரும் உண்டதில்லை என்றும் நம் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் இனிய ஓதலைக் கேட்ட அண்ணலார், அக்குரலைத் தாவூதின் குடும்பத்தாருக்கு அளிக்கப்பட்ட குழலிசைக்கு ஒப்பிட்டுப் பாராட்டியதும் அறிந்ததே.

அகழ்ப்போரின்போது மதீனாவைச் சுற்றிப் பள்ளம் தோண்டிய நாட்களில், பெருமானார் (ஸல்) அவர்கள் தாமே மண் சுமந்தவர்களாக, அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களின் கவிதை அடிகளைத் தோழர்களோடு சேர்ந்து உரத்துச் சொன்னார்கள். பசியோடு வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு உழைத்தவர்களுக்குப் பாட்டு துணை நின்றது. இசைக்கருவிகள் குறித்து இமாம்களிடையே உள்ள கருத்துகளை நாம் அறிவோம். அவற்றை மீற எவரையும் அழைக்கவில்லை. நாம் சொல்வது இவ்வளவே: வேலை செய்யும் கையும் இறைவனைப் பாடும் நாவும் ஒரே உடலில் அமைவது நபிவழிக்கு அந்நியமானதன்று.

நாம் நடத்தும் பாடமும் நம் மனச்சான்றும்

இனி, நம்மை உறுத்தும் செய்திக்கு வருகிறோம்.

ஃபிக்ஹு நூல்களில் திருமணப் பொருத்தத்தைப் பேசும் 'கஃபாஅத்' என்னும் பகுதியை ஆண்டுதோறும் நடத்துகிறோம். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் தொழில்கள் படிப்படியாக வரிசைப்படுத்தப்படுகின்றன. தெருக் கூட்டுபவரும் இரத்தம் குத்தி எடுப்பவரும் மேய்ப்பரும் தையற்காரரின் மகளுக்கு நிகரல்லர் என்றும், தையற்காரர் வணிகரின் மகளுக்கு நிகரல்லர் என்றும் அது செல்கிறது. ஹனஃபீ நூல்களிலோ தாழ்ந்த தொழிலுக்கு எடுத்துக்காட்டாக நெசவாளரின் பெயரே வெளிப்படையாக வருகிறது.

இப்பாடத்தை நடத்தும்போது எதிரே பாயில் நெசவாளியின் மகன் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை எத்தனை ஆண்டுகள் எண்ணிப் பார்த்தோம்? நாமும் எண்ணவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அந்த இமாம்கள் மனிதர்களைத் தாழ்த்த எண்ணியவர்கள் அல்லர். தம் காலத்துச் சமூக வழக்கில் ஒரு பெண்ணுக்கும் அவளுடைய குடும்பத்துக்கும் இழுக்கு நேராமல் காக்கவே இவ்விதியைப் பேசினர். தொழிலின் உயர்வு தாழ்வு ஊருக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும் என்பதையும் அறிஞர்கள் விளக்கியுள்ளனர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ மார்க்கப்பற்றையே பொருத்தத்தின் அளவுகோலாகக் கொண்டார்கள். அபூஹிந்த் என்ற தோழர் இரத்தம் குத்தி எடுக்கும் தொழிலைச் செய்தவர். அவருக்குப் பெண் கொடுக்கவும் அவரிடம் பெண் எடுக்கவும் பனூ பயாளா குலத்தாருக்கு அண்ணலார் (ஸல்) கூறியதை அபூதாவூத் பதிவு செய்துள்ளது. நூலின் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, இந்த நபிமொழியைச் சொல்லாமல் கடந்து போனால், பாடம் முழுமை பெறாது.

நெசவைப் பற்றியும் ஒரு நிகழ்வு உண்டு. ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிப்பதாக புகாரியில் இடம்பெறுவது அது. பெண்மணி ஒருவர், தம் கையாலேயே நெய்த கரையிட்ட சால்வையைப் பெருமானாரிடம் கொண்டுவந்து கொடுத்தார். அவர்களுக்கு அப்போது அது தேவையாகவும் இருந்தது. அதை ஏற்று, உடுத்திக்கொண்டே மக்கள் முன் வந்தார்கள். தோழர் ஒருவர் அதைக் கேட்க, மறுக்காமல் கொடுத்துவிட்டார்கள். தமக்குக் கஃபனாக அமைய வேண்டும் என்பதற்காகவே அவர் கேட்டார், அவ்வாறே அமைந்தது. அந்தப் பெண்மணியின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. அவருடைய கைநெசவு பெருமானாரின் திருமேனியைத் தழுவியது. இதற்குமேல் அத்தொழிலுக்கு என்ன சிறப்பு வேண்டும்?

நம் அறிஞர்களின் பெயர்களையே பாருங்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூஃபாவில் துணி வணிகம் செய்தவர்கள். அல்கஃப்பால் என்றால் பூட்டுச் செய்பவர். அல்கஸ்ஸாஃப் என்றால் செருப்புத் தைப்பவர். பக்தாதின் ஸூஃபியரில் கைருந் நஸ்ஸாஜ் என்பவர் பெயரிலேயே நெசவாளர். தொழிலைச் சொல்லி அழைப்பதை இழிவாகக் கருதியிருந்தால், இப்பெயர்கள் நூல்களின் முகப்பில் நிலைத்திருக்குமா?

எதைப் பேண வேண்டும்?

அடக்கத்தலங்களில் நடைபெறும் சில செயல்களைக் குறித்து நம் சமுதாயத்தில் கருத்து வேறுபாடுகள் இருக்கின்றன. கேட்பதை அல்லாஹ்விடமே கேட்க வேண்டும் என்பதில் நாம் உறுதியாக நிற்கிறோம். ஆனால் அந்த வாதத்தின் வேகத்தில் அப்பா அவர்களின் தமிழையும் உழைப்பையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுகிறோமே, அது நீதியா? அவர்களின் பாடல்களில் மெய்ஞ்ஞானக் குறியீடுகள் நிரம்பியிருப்பதால், அறிந்தோர் துணையின்றிப் படித்தால் பொருள் பிறழக்கூடும். அதற்குரிய வழி, துணையோடு படிப்பது. படிக்காமல் விடுவது வழியாகாது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஞானப்புகழ்ச்சி என்ற பெயரையேனும் கேட்டிருக்கிறார்கள்?

மறுபுறம், ஆண்டுக்கு ஓர் இரவு அவர்களைப் புகழ்ந்துவிட்டு, மறுநாள் நெசவாளி வீட்டில் சம்பந்தம் பேசத் தயங்குகிறவர்களும் நம்மிடையே உண்டு. இறைநேசரின் பாட்டை நேசிப்பவர் அவரது தொழிலைச் செய்பவரை இழிவாக நோக்குவாரெனில், அந்த நேசம் நாவோடு நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு உங்கள் பிள்ளைகளை அருகே அமர்த்தி, பாட்டனார் என்ன தொழில் செய்தார் என்று சொல்லுங்கள். பாய் முடைந்தவரா, பீடி சுற்றியவரா, தோல் பதனிட்டவரா, வெற்றிலைக் கொடிக்கால் வைத்தவரா, கடலுக்குப் போனவரா, தறி நெய்தவரா? எதுவாயினும் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். அந்தக் கைகளின் உழைப்பால்தான் இன்று நாம் படித்திருக்கிறோம். அவர் வேலையின்போது முணுமுணுத்த பாட்டு நினைவிருந்தால் அதையும் பாடிக் காட்டுங்கள்.

அந்த மாணவனுக்கு நாம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கஃபாஅத் பாடம் முடிந்த நாளன்று, சிறியவர்களையும் பெரியவர்களையும் ஒன்றாக அமர்த்தி, தாவூத் நபியின் கவசத்தையும், பெயர் தெரியாத அந்தப் பெண்மணியின் சால்வையையும், தக்கலை நெசவாளரின் பாட்டையும் சொன்னோம். தறி எவ்வாறு இயங்குகிறது என்று ஒரு மாணவன் கேட்டான். நமக்கு முழுமையாக விளக்கத் தெரியவில்லை. அப்போது அச்சிறுவன் எழுந்து, பாவு எது, ஊடை எது, ஓடம் எப்படிச் செல்லும் என்று கைகளை அசைத்துச் சொல்லத் தொடங்கினான். பிள்ளைகள் எவரும் சிரிக்கவில்லை. குழித்தறியைக் குறித்து இக்கட்டுரையில் மேலே எழுதியவற்றில் பாதி அவனிடம் கற்றதே. மறுநாள் பதிவேட்டை அவனிடமே கொடுத்தோம். 'வியாபாரம்' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'நெசவு' என்று எழுதினான்.

தறியில் அமர்ந்து ஹலாலாக உண்டு, தாய்மொழியில் இறைவனைப் பாடி மறைந்த அந்த நல்லடியாரின் மீது அல்லாஹ் அருள் பொழிவானாக! உழைக்கும் கைகளை மதிக்கும் உள்ளத்தையும், இறைவனை நினைவுகூரும் நாவையும் நமக்கும் நம் சந்ததியருக்கும் வழங்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.